பழம் காத்திராது: வன்னித் தோட்டங்களின் வரவு செலவுக் கதை

ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டியில் இறங்காமல் போவதில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், கைக்கு ஒரு பொட்டலம் கச்சான் என்பது என் பள்ளிப் பருவத்திலிருந்தே மாறாத வழக்கம். அண்மையில் நானும் அவ்வாறு இறங்கியபோது தெருவோரக் கடையொன்றில் பப்பாசிப் பழங்கள் அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்துப் பெட்டியில் அப்பிள்கள். ஆயிரக்கணக்கான மைல் கடல் தாண்டி வந்த அப்பிளில் ஒரு கீறலும் இல்லை. பத்து மைலுக்குள் விளைந்த பப்பாசியிலோ சாக்கு அழுத்திய கன்றலும், லொறி குலுக்கிய காயமும். கடைக்காரர் காயம்பட்டவற்றை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவை யாருடைய கணக்கில் எழுதப்படும் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் வட்டக்கச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். அரை ஏக்கர் பப்பாசி, கொஞ்சம் கதலி வாழை. கிணற்றடியில் பட்டுப்போன மாமரமொன்றின் அடிக்கட்டை. கறுத்தக்கொழும்பான், அப்பா வைத்தது என்றார் தோட்டக்காரர். நல்ல விலை போகும் மாவை விட்டுவிட்டு ஏன் பப்பாசியோடு மாரடிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஐயா, மாமரம் காய்க்குமட்டும் நாங்கள் இஞ்ச இருப்பம் எண்டு ஆர் சொன்னது?"

விவசாயத்தின் இலாப நட்டம் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக மண்ணையும் நீரையும் உரத்தையும் விலையையும் கணக்கிலெடுக்கிறோம். அந்த ஒரு வரியில் அவர் சொன்னதை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் கண்டதில்லை. வன்னியில் எந்த மரத்தை நடுவது என்பதையே வரலாறுதான் தீர்மானித்து வந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

வன்னியில் பழத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. காட்டில் பாலையும் வீரையும் நாவலும் விளாவும் பருவந்தோறும் கொட்டின. பாலைப்பழக் காலத்தில் வீதியோரமெங்கும் பேணியில் அளந்து விற்கும் சிறுவர்களை ஒரு தலைமுறையே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் பழம் அங்கே வாணிபப் பொருளாக இருக்கவில்லை. வன்னியான் குளத்தைக் கட்டினான், வயலை உழுதான், நெல்லை நம்பினான். மாவும் பலாவும் வளவுக்குள் நிழலுக்கும் விருந்தாளிக்கும் நின்றன.

நிலைமை மாறத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902 இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தது. 1905 இல் வடக்குப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை முழுமை பெற்றது. தண்ணீரும் பாதையும் வந்தபின் மனிதர்கள் வந்தார்கள். குடாநாட்டில் காணி போதாமல் திண்டாடிய குடும்பங்கள் குடியேற்றத் திட்டங்களின் வழியாகக் கிளிநொச்சியைச் சுற்றிக் குடியேறின. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அவர்களுக்கு உத்தரவுப்பத்திரத்தில் காணி கொடுத்தது. அந்தக் காணியை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. காணி கைமாறிப் போகாமல் ஏழையைக் காப்பதற்காக வைக்கப்பட்ட கட்டுப்பாடு அது. அதே கட்டுப்பாடு பின்னர் அவன் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது குறுக்கே நின்றது. பழத்தோட்டம் வைப்பவனுக்கு முதல் வருமானம் வரும்வரை தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும். நெல்லுக்கு நாலு மாதம் போதும். ஒட்டு மாவுக்கோ மூன்று நாலு ஆண்டுகள்.

1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் ஏற்று நீர்ப்பாசனத்தோடு குடியேற்றங்கள் உருவாயின. படித்து வேலையற்றிருந்த இளைஞர்கள் பலர் மண்வெட்டியோடு அங்கே போனார்கள். 1970 இல் ஆட்சிக்கு வந்த திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதியை இறுக்கியது. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது நின்றது. வடக்கின் தோட்டக்காரன் கண்ட பொற்காலம் அதுதான். அப்பிளும் வெளிநாட்டுத் திராட்சையும் கடைகளிலிருந்து மறைந்தபோது யாழ்ப்பாணத்துத் திராட்சைப் பந்தல்கள் பெருகின. வன்னியில் மிளகாய்க் காசு வந்த கைகள் வரம்போரத்தில் வாழையும் தோடையும் எலுமிச்சையும் நடத் துணிந்தன.

இளம் நிருபனாக நான் அந்தப் பக்கம் சுற்றிய காலம் அது. ஒரு முதியவர் தன் வாழைத் தோட்டத்தில் வைத்துச் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. "தம்பி, நெல்லைச் சாக்கில கட்டி வைச்சால் அது என்ர சொல்லுக் கேட்டுக் கிடக்கும். குலை கேளாது. அது பழுக்கிற அண்டைக்கு நான் ஓடவேணும்." அன்று அவர் ஓடுவதற்குத் தட்டிவான் இருந்தது, புகையிரதம் இருந்தது, யாழ்ப்பாணத்தில் சந்தை இருந்தது. ஓடினார், வாழ்ந்தார்.

1977 இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் வந்திறங்க, வடக்கின் தோட்டக்காரனுக்குக் கிடைத்த விலை சரிந்தது. யாழ்ப்பாணத் திராட்சைக்கும் அதே அடி. அவன் முதல்நாள் உழைத்த உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. மண்ணும் மாறவில்லை. கொழும்பில் ஒரு கொள்கை மாறியது, அவ்வளவுதான். நுகர்வோனுக்கு மலிவு கிடைத்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் மூன்று நாலு ஆண்டு காத்திருக்கவேண்டிய மரத்தை நடுகிறவன், அந்த ஆண்டுகளுக்குள் அரசாங்கத்தின் மனம் மாறாது என்றும் நம்பவேண்டியிருக்கிறது என்பதை அவன் அன்று கற்றுக்கொண்டான்.

அடுத்த பாடம் அதைவிடக் கொடியது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது பாதை அடைபட்டது. புகையிரதம் நின்றது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்கு எரிபொருள், உரம், சீமெந்து, மின்கலம் முதலியவை போவதற்குத் தடை. நீரிறைக்கும் இயந்திரம் இல்லாமல் கோடையில் வாழை நிற்காது; மண்ணெண்ணெய் இல்லாமல் இயந்திரம் ஓடாது. சில துளி பெற்றோலால் முடுக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை அந்தக் காலத்தில் வன்னியில் சிறுவனும் அறிவான். அந்த மண்ணெண்ணெயே வெளியில் விற்ற விலையைப் போலப் பல மடங்குக்கு வாங்கப்பட்டது. இடுபொருள் மலை ஏறியது. விளைபொருளுக்கோ வெளியே போக வழியில்லை. ஒரே ஊருக்குள் எல்லோருடைய குலைகளும் ஒரே வாரத்தில் பழுத்தால் என்ன விலை கிடைக்கும்? தடை என்பது பொருள் உள்ளே வராமல் செய்வது மட்டுமல்ல. உள்ளே விளைந்ததை அழுக வைப்பதும் அதுதான்.

1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கும், அங்கிருந்து பலர் வன்னிக்கும் வந்தார்கள். துயரத்தின் நடுவே ஒரு விநோதமும் நிகழ்ந்தது: வாங்குவோர் தொகை பெருகியதால் தோட்டக்காரனுக்குச் சந்தை வாசலுக்கே வந்தது. அதுவும் நீடிக்கவில்லை. 1996 இல் கிளிநொச்சி நகரம் படையினர் வசமானது. 1997 மே மாதம் ஏ9 வீதியைக் கைப்பற்றும் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபோது ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று வீதியோரக் கிராமங்கள் ஒவ்வொன்றாகக் காட்டுக்குள் பெயர்ந்தன. நெல்லையும் ஆட்டையும் மாட்டையும் கொண்டு ஓடலாம். மரத்தைக் கொண்டு ஓட முடியாது. தண்ணீர் காட்ட ஆளில்லாமல் எத்தனை தோட்டங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்தன என்று எவரும் எண்ணியதில்லை. போரின் இழப்புப் பட்டியலில் மாமரத்துக்கு நிரல் கிடையாது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 திறந்தது. அன்று அந்த வீதியில் பயணித்த பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன். மக்கள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை எழுதச் சொற்கள் போதவில்லை. ஆயினும் தோட்டக்காரன் கணக்கு வேறாக இருந்தது. திறந்த வீதி இரு பக்கமும் திறந்தது. தெற்கின் பழமும் இறக்குமதிப் பழமும் கிளிநொச்சிச் சந்தைக்கு வந்தன. இவனுடைய பழம் தெற்கே போக ஓமந்தையைத் தாண்டவேண்டும். அங்கே இராணுவச் சாவடியில் லொறியிலிருந்து இறக்கிச் சோதித்து மறுபடி ஏற்றவேண்டும். புலிகளின் சாவடிகளில் வரி கட்டவேண்டும். சீமெந்து மூட்டை வெயிலில் அரை நாள் கிடந்தால் ஒன்றும் ஆகாது. முக்கால் பழுத்த பப்பாசி அரை நாள் கிடந்தால் அதன் விலையில் பாதி போய்விடும். சோதனை எல்லாப் பொருளுக்கும் ஒன்றுதான். நட்டம் பழத்துக்கு மட்டும் கூடுதல். 2006 ஓகஸ்டில் அந்த வழியும் மூடப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது வன்னி மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தார்கள்.

திரும்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது கூரையில்லாத வீடும், தூர்ந்த கிணறும், கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று தெரியாத வளவும். உடனடியாகக் காசு தரும் பயிர் வேண்டும். இங்கேதான் பப்பாசி வருகிறது. நட்டு எட்டு ஒன்பது மாதத்தில் முதல் காய் பறிக்கலாம். பிறகு வாராவாரம் கையில் கொஞ்சம் காசு புழங்கும். தாய்வானில் உருவாக்கப்பட்ட ரெட் லேடி என்ற கலப்பின வகை வடக்கெங்கும் பரவியது. நாட்டுப் பப்பாசியில் ஏறத்தாழப் பாதிக் கன்று ஆண் மரமாகிக் காய்க்காமல் போகும். ரெட் லேடியில் ஆண் மரம் வராது. ஆனால் பழத்திலிருந்து விதை எடுத்து நட்டால் அந்தக் குணம் நிற்காது. ஒவ்வொரு முறையும் விதையைக் காசு கொடுத்தே வாங்கவேண்டும். நோயும் காத்திருந்தது. 2008 இல் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப் பூச்சி தோட்டங்களை வெள்ளை பூசியதுபோல ஆக்கியது. மறு ஆண்டு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டபின்தான் அது அடங்கியது. இலைகளைச் சுருட்டி மரத்தையே முடமாக்கும் வளையப்புள்ளி வைரசுக்கு இன்றும் மருந்து கிடையாது. மாரியில் இரண்டு நாள் வேரடியில் தண்ணீர் நின்றால் பப்பாசி அழுகும். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அதைத்தான் செய்தது.

இத்தனையையும் தாண்டிப் பறித்த பழம் சந்தைக்குப் போகிறது. இன்று வீதி திறந்திருக்கிறது. 2013 இல் கிளிநொச்சிக்கும் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதமும் மீண்டது. ஆனால் வடக்கின் சந்தைகளில் கழிவு என்றொரு வழக்கம் இருக்கிறது. நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழித்துவிட்டுத் தொண்ணூறுக்கே காசு. பழுதாகும் பகுதிக்கு ஈடு என்று வியாபாரி சொல்வார். பத்து வீதம்தானே என்று கேட்பவர்களுக்காக ஓர் எளிய கணக்குப் போடுகிறேன். நூறு ரூபா பெறுமதியான பழத்தை விளைவிக்க எழுபது ரூபா செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இலாபம் முப்பது. பத்து ரூபா கழிவு போனால் இலாபம் இருபது. அதாவது விலையில் பத்திலொன்று போகவில்லை, இலாபத்தில் மூன்றிலொன்று போயிற்று. ஏற்றுக்கூலியிலும் குலுக்கலிலும் இன்னொரு பத்து போனால் மிஞ்சுவது பத்து. குரங்கு தின்றது அதற்குள்ளும் வரும்.

இலங்கையில் அறுவடைக்குப் பின் பழங்களும் மரக்கறிகளும் 30 முதல் 40 வீதம் வரை வீணாகின்றன என்பது நீண்டகால மதிப்பீடு. 2011 டிசம்பரில் சாக்குக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் கூடைகளில்தான் கொண்டுசெல்லவேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்டது. தம்புள்ளை முதலிய இடங்களில் பெரும் எதிர்ப்பு எழ, அரசாங்கம் இறங்கி வந்தது. கட்டளை நியாயமானது, கூடைக்கு யார் காசு கொடுப்பது, லொறியில் குறைந்துபோகும் கொள்ளளவை யார் ஏற்பது என்பதற்குத்தான் பதில் இருக்கவில்லை. 1999 இல் திறக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தைப்போல வடக்குக்கும் ஒன்று வேண்டும் என்றபோது, 2016 இல் நம்மவர்கள் அதை ஓமந்தையில் அமைப்பதா தாண்டிக்குளத்தில் அமைப்பதா என்று மாதக்கணக்கில் வாதாடினார்கள். அந்த வாதத்தை நானும் பக்கம் பக்கமாக எழுதினேன். வாதம் முடியும்வரை பழம் காத்திருக்கவில்லை.

குரங்கு என்றேன். அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவேண்டாம். பயிரழிக்கும் விலங்குகளைக் கணக்கெடுப்பதற்காக 2025 மார்ச் 15ஆம் திகதி காலை ஐந்து நிமிடம் நாடு முழுவதும் மக்கள் குரங்கையும் மயிலையும் எண்ணினார்கள். பலரும் கேலி செய்தார்கள். வவுனியா வடக்கிலோ ஒட்டுசுட்டான் பக்கத்திலோ ஒரு இரவில் யானையிடம் வாழைத்தோட்டத்தை இழந்தவன் கேலி செய்திருக்கமாட்டான். காவலிருக்கும் இரவுகளுக்கு எவரும் கூலி போடுவதில்லை. குடும்பத்தின் உழைப்பு செலவுப் பக்கத்தில் எழுதப்படாததால்தான் பல தோட்டங்கள் இலாபம் தருவதுபோலத் தோன்றுகின்றன.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாகத் தடை செய்யப்பட்டு நவம்பரில் கைவிடப்பட்டது. அந்த அரையாண்டில் உரம் தேடி அலைந்த வன்னி விவசாயிக்குத் தொண்ணூறுகள் நினைவுக்கு வந்திருக்கும். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. இம்முறை தடை போட்டது போர் அல்ல, அரசின் வெறுங்கை. இயந்திரத்துக்கு முன் நின்றவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வழி இல்லையா என்று கேட்பீர்கள். மகாராஷ்டிரத்துத் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் 1991 இல் மகாகிரேப்ஸ் என்ற பொது அமைப்பில் ஒன்று சேர்ந்தன. ஐரோப்பாவுக்கு அனுப்பிய தொடக்ககாலச் சரக்குகள் தரம் போதாமல் நிராகரிக்கப்பட்டன. அவர்கள் பின்வாங்காமல் முன்குளிரூட்டும் கூடங்களும் குளிர்க் களஞ்சியங்களும் அமைத்து, தரம் பிரிக்கக் கற்று, மெல்ல மெல்லச் சந்தையைப் பிடித்தார்கள். அங்கே சிறு விவசாயி வாங்கியது நிலமல்ல, உரமல்ல, நாட்களை வாங்கினான். நான்கு நாளில் அழுகும் பழத்தை நாற்பது நாள் காக்க முடிந்தவனிடம் விலை பேசும் பலம் வந்தது. முறிகண்டிக் கடையில் அப்பிளுக்கு இருந்ததும் பப்பாசிக்கு இல்லாததும் அந்த நாட்களே. கூட்டுறவு நம் மண்ணுக்குப் புதிதல்ல. அறிவியல்நகரில் விவசாய பீடமும் இருக்கிறது. கிராமத்துக்கு ஒரு குளிர் அறையும், தரம் பிரிக்கும் மேசையும், நேரான தராசும் கனவுக்கு மிஞ்சியவை அல்ல.

ஆனால் அவற்றுக்கும் முன் ஒன்று வேண்டும். பப்பாசி மூன்று ஆண்டில் ஓய்ந்துவிடும். மாமரம் பேரப்பிள்ளைக்கும் காய்க்கும். நிலைத்த இலாபம் நீண்ட மரங்களில் இருப்பது வன்னி விவசாயிக்குத் தெரியாததல்ல. காணிப் பத்திரம் தன் கையில் இருக்கிறது, நாளை வேறொரு திணைக்களம் எல்லைக்கல் போடாது, வீதி மூடாது, மறுபடி ஓடவேண்டியதில்லை என்ற நம்பிக்கை வரும்வரை அவன் எட்டு மாதப் பயிரையே நடுவான். அதை அறியாமை என்று அதிகாரிகள் எழுதக்கூடாது. நாற்பது ஆண்டு அனுபவம் அவனுக்குக் கற்பித்த கணக்கு அது.

வட்டக்கச்சித் தோட்டத்திலிருந்து புறப்படும்போது கிணற்றுக்குப் பின்னால் வலை கட்டிய இரண்டு சிறு கன்றுகளைக் கண்டேன். ஒட்டு மாங்கன்றுகள். மாமரம் வைக்கமாட்டேன் என்றீர்களே என்றேன். மகள் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது என்று கொண்டுவந்து வைத்துவிட்டாள் என்று சற்றுக் கூச்சத்தோடு சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, கோடையில் அவற்றுக்கு இரண்டு நேரமும் தானே தண்ணீர் ஊற்றுவதாகவும் சொன்னார்.